மனாசேயின் எல்லைக்கல்

ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து காலம் தொடங்குகிற புதன்கிழமை ஆராதனையில் எபெனேசர்விளைக் கோயிலில் சாபங்களை வாசிப்பது வழக்கம். ஐயர் என்று ஊர் கூப்பிடும் பாதிரியார் ஒவ்வொரு சாபமாகச் சொல்லச் சொல்ல சபையார் ஆமென் சொல்லவேண்டும். தாய் தகப்பனை அற்பமாக நினைத்தவனுக்கு ஒரு ஆமென், குருடனை வழிதப்பப் பண்ணினவனுக்கு ஒரு ஆமென், அயலானுடைய எல்லைக்கல்லைத் தள்ளி நட்டவனுக்கு ஒரு ஆமென். அந்த எல்லைக்கல் சாபம் வரும்போது மட்டும் சபையார் தங்கள் ஆமெனை வாய்க்குள்ளே முனகிக்கொண்டு மனாசேக்கு இடம்விடுவார்கள், அது அவருக்கென்றே வைத்த ஆமென் என்பதுபோல. மனாசே எழுந்து, மூன்றாவது தூணோரம் குனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி எப்ராயீமின் பிடரியைப் பார்த்துக்கொண்டே, அடிவயிற்றிலிருந்து அதைச் சொல்வார். ஓட்டு இடுக்கில் இருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். மனைவி செத்தபிறகு எப்ராயீம் தூத்துக்குடியில் மகள் வீட்டோடு போய்விட்டான், தூணோரம் இடம் காலியாகக் கிடந்தது, ஆனாலும் மனாசே ஆமெனைக் குறைக்கவில்லை. தூத்துக்குடி வரைக்கும் கேட்கட்டும் என்று இன்னும் கூட்டித்தான் சொன்னார்.

தப்பு நடந்தது உண்மை, அதில் சந்தேகமே இல்லை. இவர்களுடைய அப்பா சாகக்கிடக்கையில் முருங்கை விளை என்கிற தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, இளநீர்க்காய் அளவுள்ள ஒரு கருங்கல்லின் தலையில் கூட்டல் குறி கொத்தி, நல்ல தண்ணீர்க் கிணறு மூத்தவன் பக்கம் விழும்படி அதை நட்டுவைத்துவிட்டுச் செத்தார். அடக்கத்துக்கு வந்து கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பின மனாசே சென்னையில் ஒரு பலசரக்குக் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்து பார்த்தால், கல் கிணற்றைத் தாண்டி இவர் பக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. "கல்லு எப்பவும் அங்கனதானே கெடக்கு" என்றான் எப்ராயீம், முகத்தைப் பார்க்காமல். சாட்சி சொல்லவேண்டியவர்களில் பாதிப்பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதிப்பேருக்கு அன்றைக்கென்று வேறு வேலை இருந்தது, யார் யாருக்கு என்ன வேலை இருந்தது என்பதுகூட மனாசேக்கு இன்றுவரை ஞாபகம். கடையை விட்டுவிட்டு ஊரோடு வந்து தன் பங்கில் அவர் தோண்டிய கிணற்றில் ஊறியது உவர்த்தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடிக்கிற ஒவ்வொரு டம்ளரும் தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் தொண்டையில் இறங்கும்.

ஆகவே அவர் தினமும் விடிந்ததும், பல் தேய்க்கிறதற்கும் முந்தி, எல்லைக்குப் போய்த் தம்பி பெயரைச் சொல்லி அந்தக் கல்லை வலது குதிகாலால் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். கோயிலில் திருவிருந்து நேரம் வந்தால், சகோதரன்மேல் மனத்தாங்கல் உள்ளவன் கைநீட்டக்கூடாது என்பதால், எழுந்து வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துகொள்வார். உள்ளே எல்லாரும் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு வாயைத் துடைத்தபடி வரும்போது, இதுவும் அவன் எடுத்துக்கொண்டதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

அந்த வருஷம் சாபம் வாசித்த புதன்கிழமைக்கு மறுநாள் காலையில் அவர் கல்லை மிதித்தபோது குதிகால் உள்ளே இறங்கியது.

சூடாக இருந்தது. காலை எடுத்துக்கொண்டு பார்த்தார். கல் இருந்த இடத்தில், கல் இருந்த அளவிலேயே, ஆட்டு ஈரலின் நிறத்தில் ஒரு சதைப்பிண்டம் உட்கார்ந்திருந்தது. மேலே நரம்புகள் ஓடின, கூட்டல் குறி இருந்த இடத்தில் ஆறிப்போன தழும்பு இருந்தது, அது விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டிருந்தது, அவர் மிதித்த பக்கம் கன்றிச் சிவந்திருந்தது. மனாசே கத்தவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முருங்கைத் தழையை ஒடித்து அதன்மேல் போட்டு மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, குளித்தால் சரியாகிவிடும் என்று கிணற்றடியில் நின்று இரும்பு வாளியைத் தலைக்குமேல் தூக்கினார். பிடி நழுவி வாளியின் விளிம்பு நெஞ்சில் இடித்தது. ணங் என்று சத்தம் கேட்டது.

அவர் வாளியைக் கீழே வைத்தார். விரல் முட்டியால் நெஞ்சைத் தட்டினார். அம்மிக்கல்லைத் தட்டினதுபோல இருந்தது. காதை எவ்வளவு உள்ளே திருப்பிக் கேட்டாலும் அங்கே ஒரு துடிப்பும் இல்லை. பயம் மட்டும் இருந்தது, ஆனால் அது நெஞ்சில் இல்லை, முழங்காலில் இருந்தது, அடிவயிற்றில் இருந்தது, நனைந்த வேட்டி உடம்பில் ஒட்டிக்கொள்வதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இடத்தில் இத்தனை வருஷம் தினமும் கொண்டுபோய் வைத்த பொருள் ஒருநாள் அங்கேயே தங்கிவிட்டது, அங்கே இருந்த கல் இங்கே வந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. விளங்கினதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும் கூடவே விளங்கிவிட்டது.

மறைக்க முடிகிற பொருளா அது? ஆடு மேய்க்கிற தங்கக்கனியின் நாய் தழையை விலக்கிவிட்டு, கடிக்காமல், சும்மா பக்கத்தில் படுத்து ஊளையிட்டது. தங்கக்கனி ஓடிவந்து பார்த்துவிட்டு ஊரைக் கூப்பிட்டாள். ஊர் வந்து சுற்றி நின்று பார்த்தது. கொஞ்சநேரம் பயந்தது, அதற்குப் பிறகு, வெயில் ஏறுகிறதே, இது காய்ந்துபோகுமே என்று யாரோ ஒருத்தி சொன்னதும் வேலையில் இறங்கிவிட்டது. பனையோலை வெட்டி நிழல் கட்டினார்கள். எறும்பு வராமல் சுற்றி மஞ்சள்தண்ணீர் தெளித்தார்கள். தோல் வெடிக்காமல் இருக்கப் பெண்கள் முறைவைத்து நல்லெண்ணெய் தடவினார்கள், பச்சைப் பிள்ளைக்குத் தடவுகிறமாதிரி உள்ளங்கையால். காக்கை விரட்ட ஒரு ஆள், நாய் விரட்ட ஒரு ஆள். கறிக்கடை முத்தையா அந்தப் பாதையில் கத்தியோடு போகக்கூடாது என்று சபைக்கமிட்டி தீர்மானம் போட்டது, அவரும் சரி என்று கத்தியை ஒரு பழைய சேலையில் சுற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போனார். பக்கத்து ஊர் ஆர்.சி.க்காரர்கள் மெழுகுவர்த்தி கொண்டுவந்தார்கள், மேலத்தெரு இந்துக்கள் செம்பருத்திப் பூவும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார்கள், ஐயர் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நிலத்தை அளக்கிறவர் வந்து, குனிந்து பார்த்து, "நம்ம ரிக்கார்டுல கல்லுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். அதற்குப்பின் பஸ் கண்டக்டரும் முருங்கைவிளை நிறுத்தத்தை இருதயம் நிறுத்தம் என்று கூப்பிட ஆரம்பித்தார், ஆட்களும் இறங்கினார்கள்.

மனாசே மட்டும் கிட்டே போகவில்லை. அவர் நடந்தால் தேரிச் செம்மணலில் கணுக்கால் வரைக்கும் புதைந்தது. சைக்கிளில் ஏறினார், டயர் வெடித்தது. கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தார், கயிறு ஒவ்வொன்றாகத் தெறித்தது. அவருடைய மனைவி சொர்ணம் அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டுப் பாயை விரித்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் வேதக்கண் எல்லாரையும் விளையிலேயே உட்காரவைத்து விளக்கம் சொன்னார். நல்ல மனுஷன், ஆனால் பேச ஆரம்பித்தால் கைகளால் வானத்தைப் பிசைகிறவர். நாடு பிடிபட்டுப்போய், நிலம் பாழாகி, ஊர் இடிந்து, ஜனங்கள் அந்நிய தேசத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கையில் கர்த்தர் தம்முடைய தீர்க்கதரிசியைக் கொண்டு ஒரு வாக்குச் சொன்னார், உங்களிடத்திலிருக்கிற கல்லான இருதயத்தை எடுத்துப்போடுவேன், சதையான இருதயத்தைத் தருவேன், பாழான நிலத்தைத் திரும்பப் பயிரிடுவீர்கள், இடிந்ததைத் திரும்பக் கட்டுவீர்கள் என்று. அந்த வாக்குத்தான் இதோ நம்ம ஊரில் வந்து இறங்கியிருக்கிறது, ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார்.

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து முத்தையா கையைத் தூக்கினார்.

"ஓய் உபதேசியாரே, ஒரு சந்தேகம். இது குடுத்த இருதயமா, எடுத்துப்போட்ட இருதயமா?"

"என்ன கேள்வி வே இது?"

"எடுத்துப்போட்டதுன்னா கல்லால்லா கெடக்கணும். குடுத்ததுன்னா எவன் நெஞ்சுக்குள்ளயாவது இருக்கணும். இது சதையாவும் இருக்கு, வெளியவும் கெடக்கு. எனக்குக் கறியப் பத்தித்தான் தெரியும், வேதத்தப் பத்தித் தெரியாது, அதான் கேக்கேன்."

உபதேசியாரின் கைகள் வானத்திலேயே நின்றுவிட்டன. முன்னால் உட்கார்ந்திருந்த தங்கக்கனிதான் அதைச் சொன்னாள், மெதுவாக, தன்பாட்டுக்குச் சொல்வதுபோல. "அப்படின்னா மாறிப் போச்சு. சதை வெளிய வந்துட்டு. நம்ம எல்லைக்கல்லு எவன் நெஞ்சுக்குள்ளயோ போயி உக்காந்துட்டு."

அவ்வளவுதான். அதுவரைக்கும் விருந்தாளியாக இருந்த பயம் அன்றைக்கு ஊரில் வீடு கட்டிக்கொண்டது. முதலில் ஒருவர் தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு எல்லாரும். பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்க்கிற சத்தம் விளை முழுக்கக் கேட்டது. பெண்டாட்டிகள் புருஷன்மார் நெஞ்சில் காதை வைத்தார்கள், மாமியார்கள் மருமகள்களைச் சந்தேகப்பட்டார்கள், பழைய சண்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, "என்னுது அடிக்கி, கேளும்" என்று சட்டையைத் திறந்து காட்டினார்கள். முத்தையா, தூரத்தில் ஒதுங்கி நின்ற மனாசே பக்கம் திரும்பினார்.

"என்ன வே, நீரு தட்டிப் பாக்கலியா?"

"எம்மேல கைய வச்சேன்னா கைய முறிச்சிருவேன்" என்றார் மனாசே, துண்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"இவருக்குத் தட்டவே வேண்டாம், கோவம் அடிக்கிற சத்தமே கேக்கு" என்றார் முத்தையா. ஊர் சிரித்தது. ஓலை நிழலுக்குள் அந்தச் சதை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. சிரிப்பில் அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் உபதேசியார் ஒரு வழி கண்டுபிடித்தார். இருதயம் தன் சொந்தக்காரனை அறியாமல் போகுமா, ஊரில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்வோம், எந்தப் பெயருக்கு அது துள்ளுகிறதோ அவனுடையது என்று வைத்துக்கொள்வோம் என்றார். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது; நிற்காமல் போனால் சந்தேகம் வரும் என்பதால் மனாசேயும் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். அப்பாத்துரை என்றார்கள், அது பாட்டுக்குத் துடித்தது. முத்தையா என்றார்கள், தங்கக்கனி என்றார்கள், வேதக்கண் என்று அவரே சொன்னார், ஐயர் பெயரையும் மரியாதைக்காகச் சொன்னார்கள். மனாசே என்றார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது அசையவில்லை, ஏனென்றால் தன் பெயரைக் கேட்டு அவருக்கு என்றைக்குமே ஒன்றும் தோன்றினதில்லை. பெயர்கள் முடிந்தன. யாரோ, ஊரைவிட்டுப் போனவர்களையும் சொல்லிப் பாருங்களேன் என்றார்கள்.

"எப்ராயீம்" என்றார் வேதக்கண்.

சதை தரையைவிட்டு எழும்பித் துள்ளி விழுந்தது. எண்ணெய் தெறித்தது. பெண்கள் அலறிக்கொண்டு பின்னால் போனார்கள். இன்னொருதரம் சொன்னார்கள், இன்னொருதரம் துள்ளிற்று. மெதுவாகச் சொன்னாலும் துள்ளிற்று. அப்போது ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, கல்லை நகட்டினவன் அவன், கல் அவன் நெஞ்சில்தானே போய் இருக்கும், இவ்வளவு நேர் கணக்கு நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். ஒருவர் வந்து மனாசேயின் கையைப் பிடித்து, "அண்ணாச்சி, கர்த்தர் ஒமக்கு நியாயம் செஞ்சிட்டாரு" என்றார். இத்தனை வருஷமாக அவர் கேட்க ஏங்கின சொல் அது. அதைக் கேட்டபோது நெஞ்சுக்குள்ளே ஒன்றும் நடக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே தரையில் நடந்தது.

தூத்துக்குடிக்குப் போன் போட்டார்கள். "ஒங்க இருதயம் இங்க எல்லையில கெடக்கு, வந்து எடுத்துக்கிடணும்" என்று உபதேசியார் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் சிரிப்பார்கள் அல்லது திட்டுவார்கள் என்று காத்திருந்தார். எப்ராயீம், "அது அங்கதான் கெடக்குன்னு எனக்குத் தெரியும்" என்றான். "வாரேன்."

அவன் ஒரு மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினான், ஒரு குடையும் ஒரு பையுமாக, தோளெல்லாம் இறங்கிப்போய். நேரே விளைக்குப் போய் அந்தச் சதைக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். மனாசே தன் பக்கத்து உடைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். தம்பி கிட்டே உட்கார்ந்ததும் சதை நடுங்கிற்று, தோல் சிலிர்த்துக்கொண்டது, விரட்டப்பட்ட முயல்போல விலா புடைத்துப் புடைத்து அடங்கிற்று. அவருடைய முழங்கால்களும் அதே கணக்கில் ஆடின. "பயப்படாத, பயப்படாத" என்று எப்ராயீம் அதனிடம் சொன்னான். குடையை விரித்து அதற்குப் பிடித்தான், தன் தலை வெயிலில் இருந்தது. பிறகு எழுந்து போய் அந்தக் கிணற்றில், அந்த நல்ல தண்ணீர்க் கிணற்றில், ஒரு வாளி இறைத்து, தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பிழிந்து சதையின்மேல் போர்த்தினான்.

மரத்துக்குப் பின்னால் மனாசேயின் உடம்பெல்லாம் குளிர்ந்தது. நாக்கில் உப்பு இல்லாத தண்ணீரின் ருசி வந்தது, சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாளியோடு வாய்வைத்துக் குடித்த ருசி. அவர் அதை அனுபவிக்கவில்லை, நடுங்கினார். எவன் கையால் எது வரக்கூடாது என்று இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அது கேட்காமலே உள்ளே இறங்குகிறது, தடுக்க வாய் போதாது. அவர் வீட்டுக்கு ஓடினார், ஓட முடியாமல் மணலில் புதைந்து புதைந்து போனார்.

சொர்ணம் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். 

"அது ஒங்களுதுதானே?" என்றாள்.

"சத்தம் போடாத."

"குருத்தோலை ஞாயித்துக்கெழம ஜெபம் பண்ணி ஒங்க தம்பிட்ட எடுத்துக் குடுக்கப் போறாவ. அதுக்குள்ள சொல்லிருங்க."

"என்னன்னு சொல்லச் சொல்லுத?" என்றார் மனாசே. "கல்ல நகட்டினது அவன். கெணத்த எடுத்தது அவன். உப்புத்தண்ணி குடிச்சது நான், நீயுந்தான் குடிச்ச. இப்பம் ஊருக்கு முன்னால போயி, கல்லு நெஞ்சுக்காரன் நான்தான்னு நான் சொல்லணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

"நியாயம் ஒங்க பக்கந்தான். அத ஆரு இல்லன்னா? நியாயம் ஒங்க பக்கம் இருக்கு, இருதயம் அங்க கெடக்கு."

"எடுத்துட்டுப் போனா போட்டும்."

"போட்டும்" என்றாள் சொர்ணம். "போனபெறகு எத வச்சி அவுகள வெறுப்பிய? அதுக்கும் அதுதானே வேணும்."

மனாசே உட்காரப் போனார், முக்காலி முறிந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தார், எந்தப் பக்கம் போனாலும் பயமாக இருந்தது. சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் தம்பி அதைப் பையில் வைத்துப் பஸ் ஏறுவான், தூத்துக்குடியில் எந்த அறையிலோ இவருடைய பயமும் ருசியும் தூக்கமும் அவனுக்குள் துடிக்கும், இவர் இங்கே தகப்பன் நட்ட கல்லைச் சுமந்துகொண்டு, செத்தால்கூடத் தூக்க ஆள் பற்றாமல் கிடப்பார். இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவர் கிட்டே வரவிடவில்லை: அது திரும்ப உள்ளே வந்தால் வலிக்கும்.

குருத்தோலை ஞாயிறன்று ஆராதனை முடிந்து, பாட்டுப் பாடிக்கொண்டு, கையில் ஓலையோடு ஊர் முழுக்க விளைக்கு வந்தது. ஐயர் ஜெபம் செய்தார். பிறகு, எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எப்ராயீம் எழுந்து நின்றான். வேட்டி நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினான்.

"கல்ல நகட்டினது நான்தான். எங்கண்ணன் கடையில நின்னு அனுப்பின துணியத்தான் அன்னைக்கு உடுத்திருந்தேன். அந்தத் துணியோடதான் கடப்பாரையப் புடிச்சேன். கேட்டப்ப பொய் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் அவுக ஆமென் சொல்லும்போது நானும் வாய்க்குள்ள ஆமென் சொன்னேன், எனக்குத்தானேன்னு. கெணறு அவுகளுது. எல்லாருக்கும் முன்னால சொல்லுதேன், கெணறு எங்கண்ணனுது."

 இந்தச் சொற்களை மனாசே எத்தனை தடவை மனதுக்குள் தம்பியின் குரலில் சொல்லிச் சொல்லிக் கேட்டிருப்பார், அவை வரும்போது தான் எப்படி நிற்கவேண்டும், எப்படிப் பார்க்கவேண்டும், பேசாமல் திரும்பி நடந்துபோவதா, காறித் துப்புவதா என்றெல்லாம் எத்தனை வருஷம் ஒத்திகை பார்த்திருப்பார். அவை வந்தன. காதில் விழுந்தன. காதைத் தாண்டி உள்ளே போய்க் கல்லில் மோதிக் கீழே விழுந்தன. ஒன்றுமே இல்லை. தரையில் கிடந்த சதைதான் விம்மி விம்மி அடித்தது, வாங்கவேண்டியது எல்லாவற்றையும் அதுவே வாங்கிக்கொண்டிருந்தது. அவருக்காக வந்தது அவரில்லாமலே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

எப்ராயீம் முழங்கால்படியிட்டு அதை இரண்டு கையாலும் பிடித்தான்.

அந்தக் கைகள் மனாசேயின் நெஞ்சில் பட்டன. அவருக்கு அவற்றைத் தெரியும். தேரி மணல் கொதிக்கிற மதியங்களில், செருப்பில்லாத தம்பியை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருகையில், பின்னாலிருந்து வந்து அவர் நெஞ்சின்மேல் கோர்த்துக்கொள்ளும் கைகள். இப்போது அவை தோல் சுருங்கிக் காய்த்துப்போயிருந்தன, ஆனால் பிடி அதே பிடி, விழுந்துவிடுவோமோ என்று பயப்படுகிற பிடி.

"அது என்னுது" என்று மனாசே சொன்னார்.

குரல் வெளியே வரவில்லை. அடிவயிற்றிலிருந்து, ஆமென் சொல்கிற இடத்திலிருந்து, மறுபடி சொன்னார். "அத விடு! அது என்னுது!"

கூட்டம் திரும்பிற்று. முத்தையாதான் முதலில் பேசினார். "என்ன வே, கெணத்தத்தான் குடுத்துட்டானே, இருதயத்தையும் கேக்கீராக்கும்?"

சிலர் சிரித்தார்கள். மனாசே துண்டை எடுத்துக் கீழே போட்டார். பொத்தான்களைக் கழற்றப் பொறுக்காமல் சட்டையைப் பிய்த்தார். மணலில் புதைந்து புதைந்து நடுவே வந்து நின்று, "தட்டிப் பாருங்க" என்றார். ஒருவரும் வரவில்லை. உபதேசியார் கையில் இருந்த கோயில் சாவியால், தொட்டும் தொடாமலும், ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்றது. ஊர் ஓலைகளோடு பின்னால் ஒதுங்கிற்று, தாய்மார் பிள்ளைகளின் முகத்தைச் சேலைக்குள் மறைத்தார்கள், சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எப்ராயீம் மட்டும் ஒதுங்கவில்லை. கையில் அது துடிக்க, அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே" என்றான். "இது என்னுதுன்னுல்லா நான் நெனச்சேன். இத்தன நாளும் நான் எனக்குள்ள ஒண்ணுமில்லன்னு..."

"ஒனக்குள்ள இருக்கு. அங்கேயே இருக்கு" என்றார் மனாசே. "இது என்னுது. குடு. பாத்துக் குடு. எனக்குப் பயமா இருக்கு."

தம்பி எல்லையைத் தாண்டி வந்தான். கல் இருந்த பள்ளத்தைத் தாண்டுகையில் கால் இடறிற்று, கை இடறவில்லை. அதை அண்ணன் நெஞ்சில் வைத்தான். தேரி மணலில் ஊற்றின தண்ணீர்போல, தழும்பு கடைசியாக, அது உள்ளே இறங்கிற்று. உடனே தொப்பென்று இருவர் காலுக்கும் நடுவில் கருங்கல் விழுந்து மணலில் பாதி புதைந்தது, தலையில் கூட்டல் குறியோடு.

மனாசே பயந்தது நடந்தது. வலித்தது. மிதித்த மிதி எல்லாம் வலித்தது, குழாயடியில் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வலித்தது, தம்பி பெண்டாட்டி செத்த அன்றைக்குத் தெருவில் பறைச்சத்தம் கேட்டும் கதவைத் திறக்காமல் இருந்தது வலித்தது, அவன் சற்று முன்னால் சொன்ன வார்த்தைகளும் இப்போதுதான் வந்து சேர்ந்து ஒவ்வொன்றாக வலித்தன. மூச்சு வாங்க வாயைத் திறந்தபடி நின்றார். சொர்ணம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். 

எப்ராயீம் குனிந்து அந்தக் கல்லைத் தூக்கினான். கிழவனுக்கு அது எளிதாக வரவில்லை; வயிற்றோடு அணைத்து, முக்கி, நிமிர்ந்தான், கழுத்து நரம்பு புடைத்தது. கிணற்றுப் பக்கம் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.

"எங்க நடட்டும்? நீங்க சொல்லுங்க. அப்பா நட்ட எடம் ஒங்களுக்குத் தெரியும்லா."

மனாசேக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு போய் விரல் வைக்கிற அளவுக்கு அந்த இடம் தெரியும். காட்டுவதற்குக் கையை எடுத்தார். எதிரே தம்பியின் கைகள் நடுங்குவதைப் பார்த்தார், முட்டிகள் வெளுத்திருந்ததைப் பார்த்தார், அவன் அதைக் கீழே வைக்காமல், சொல்கிறவரைக்கும் வைக்கமாட்டேன் என்று நிற்பதைப் பார்த்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளே, அதன் இடத்தில்.

"மொதல்ல கீழ வையி" என்றார். "அது கனக்கும்ல. எனக்குத் தெரியும்."